முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகான வலி: எந்த வழி, யாருக்கு?

பெற்றோருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்ட வாசகர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் ஏறக்குறைய ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. அறுவைக்கு முந்தைய பரிசோதனையின்போது மயக்க மருந்து மருத்துவர், “வலிக்கு முதுகில் எபிடியூரல் குழாய் வைக்கலாமா, காலில் மட்டும் நரம்பு ஊசி போடலாமா, இல்லை சாதாரண ஊசி மாத்திரையே போதுமா?” என்று கேட்கிறார். வெளியே அடுத்த நோயாளி காத்திருக்கிறார். எதைச் சொல்வது என்று தெரியாமல், “நீங்களே பார்த்துச் செய்யுங்கள் டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து குழம்புகிறார்கள்.

இந்தக் குழப்பம் எனக்குப் புதிதல்ல. என் அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் மாற்றப்பட்டவை. இரண்டுக்கும் இடையே பத்தாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி. இடது காலுக்கு எபிடியூரல் வைத்தார்கள்; முதுகில் மெல்லிய குழாய் வைத்து அதன் வழியாக மரப்பு மருந்தைச் செலுத்தும் முறை அது. வலி அநேகமாக இல்லை. ஆனால் மறுநாள் எழுந்து உட்கார்ந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கியது, இரண்டு கால்களும் மரத்திருந்தன, சிறுநீர்க் குழாயை எடுக்க முடியவில்லை, பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துவிட்டு நாளை வருகிறேன் என்று போய்விட்டார். இப்படி ஆகக்கூடும் என்று எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வலது காலுக்கு முற்றிலும் வேறு முறை. அன்று மாலையே வாக்கரைப் பிடித்து நான்கு அடி நடந்தார். அந்த முறைக்கும் ஒரு குறை இருந்தது. அது இரவில் தெரிந்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். அறுவையின்போது வலி தெரியாமல் இருப்பதற்காக முதுகில் போடும் ஸ்பைனல் ஊசியோ முழு மயக்கமோ வேறு. அதன் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கே ஒப்பிடுவது அதற்குப் பிந்தைய இரண்டு மூன்று நாள் வலியைக் கையாளும் வழிகளை மட்டுமே.

## எதை வைத்து அளப்பது?

பெரும்பாலானவர்கள் “எதில் வலி குறைவு?” என்ற ஒரே கேள்வியை வைத்து முடிவு செய்கிறார்கள். அது மட்டும் போதாது என்பதை அமெரிக்கா மிகுந்த விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1990-களில் அங்கே வலியை நாடி, சுவாசம், வெப்பம், ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு சேர்த்து ஐந்தாவது உயிர்க்குறியாகக் கொள்ள வேண்டும் என்ற இயக்கம் எழுந்தது. நோயாளி சொல்லும் எண்ணைக் குறைப்பதே சிகிச்சையின் இலக்கு என்றானபோது மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளின் பயன்பாடு பெருகியது. அதன் விளைவுகளோடு அந்த நாடு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது.

முழங்காலைப் பொறுத்தவரை நான் பார்க்கும் அளவுகோல்கள் ஐந்து. முதலாவது, அசையும்போது எவ்வளவு வலி என்பது. படுத்திருக்கும்போது வலி இல்லாமல் இருப்பது எளிது, காலை மடக்கும்போதும் ஊன்றும்போதும் தாங்க முடிகிறதா என்பதே முக்கியம். இரண்டாவது, தொடையின் முன்பக்கத் தசை வேலை செய்கிறதா என்பது; அந்தத் தசை இல்லாமல் நிற்க முடியாது, நின்றால் முழங்கால் மடங்கி விழ நேரும். மூன்றாவது, சிறுநீரகம், இதயம், வயிறு, சுவாசம் ஆகியவற்றுக்கு அந்த முறை வைக்கும் ஆபத்து. நான்காவது, அந்த மருத்துவமனையில் இரவு நேரத்தில் எத்தனை செவிலியர்கள் இருப்பார்கள், அவர்கள் எதைக் கண்காணிக்கப் பழகியவர்கள் என்பது. ஐந்தாவது செலவு, பில்லில் தெரியும் செலவும், கூடுதலாக ஒரு நாள் தங்குவது, ஒரு குழாய், ஒரு தொற்று என்று பின்னால் வரும் செலவும்.

## அடித்தளம்: நேரம் தவறாத மாத்திரைகள்

வாசகர்கள் கேட்கும் தேர்வுப் பட்டியலில் இது அநேகமாக இருப்பதே இல்லை, ஏனென்றால் பாராசிட்டமாலை யாரும் ஒரு சிகிச்சையாக மதிப்பதில்லை. என் கருத்தில் இதுதான் முதல் முடிவு. மற்றவை அனைத்தும் இதன் மேல் வைக்கப்படுபவை.

டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட், யோர்கன் தால் என்பவருடன் சேர்ந்து 1993-இல் முன்வைத்த கருத்து எளிமையானது: வெவ்வேறு வழிகளில் வேலை செய்யும் மருந்துகளைச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுத்தால், ஒரே மருந்தைப் பெரிய அளவில் கொடுப்பதைவிட வலியும் குறையும், பக்கவிளைவும் குறையும். அதன் பின் வந்த ஆய்வுகள் இதற்கு எண்களைக் கொடுத்தன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, வலி மருந்துகளை ஓர் அளவால் ஒப்பிடுகிறது: வெற்று மாத்திரை கொடுத்தால் கிடைக்கும் பலனுக்கு மேலாக, கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய எத்தனை பேருக்கு அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது. எண் சிறியதாக இருந்தால் மருந்து நல்லது. பாராசிட்டமால் 1000 மி.கி.க்கு அது 3.6, ஐபுப்ரோஃபென் 400 மி.கி.க்கு 2.5, ஐபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 1000 மி.கி. இரண்டும் சேர்த்தால் 1.5. ஓபியாய்டு வகையைச் சேர்ந்த கோடீன் 60 மி.கி. தனியாகக் கொடுத்தால் 12. “வலுவான மருந்து” என்று நாம் நினைப்பது எவ்வளவு பின்தங்கி நிற்கிறது என்று பாருங்கள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்துச் செய்யப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முழங்கால் வலி அதைவிடப் பெரியது.

மூட்டு மாற்றிலேயே செய்யப்பட்ட ஆய்வும் உண்டு. 2019-இல் வெளியான பான்செய்ட் ஆய்வில், டென்மார்க்கின் 6 மருத்துவமனைகளில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 556 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். முதல் 24 மணி நேரத்தில் தேவைப்பட்ட மார்ஃபினின் இடைநிலை அளவு, பாராசிட்டமால் மட்டும் பெற்றவர்களுக்கு 36 மி.கி., ஐபுப்ரோஃபென் மட்டும் பெற்றவர்களுக்கு 26 மி.கி., இரண்டும் பெற்றவர்களுக்கு 20 மி.கி. அதாவது ஆறு மணிக்கொரு முறை கொடுக்கும் இந்தச் சாதாரண மாத்திரைகள் இரண்டும் சேரும்போது, பாராசிட்டமால் மட்டும் கொடுப்பதைவிட மார்ஃபின் தேவை ஏறக்குறைய பாதியாகிறது.

இதோடு அறுவையின்போது நரம்பு வழியாக ஒரு முறை கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இப்போது சேர்ந்திருக்கிறது. முழங்கால் மாற்றிக்கொண்ட 485 பேரிடம் டென்மார்க்கில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், 48 மணி நேர மார்ஃபின் தேவை வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 43 மி.கி.; 24 மி.கி. டெக்ஸாமெத்தசோனை இரண்டு முறை பெற்றவர்களுக்கு 35 மி.கி. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் இதன் விலை மிகக் குறைவு, குமட்டலையும் தடுக்கிறது. சர்க்கரை நோயாளிகள் இதைக் கேட்டதும் பயப்படுவார்கள். சர்க்கரை ஓரிரு நாள் ஏறும் என்பது உண்மை. அதைப் பரிசோதித்து இன்சுலினைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் புண்ணில் சீழ் பிடிக்குமோ என்ற அச்சத்துக்கு 2021-இல் வெளியான பேடி ஆய்வு பதில் சொன்னது: 8,880 பேரைச் சேர்த்த அந்த ஆய்வில் 8 மி.கி. பெற்றவர்களில் 8.1 சதவீதத்தினருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 9.1 சதவீதத்தினருக்கும் அறுவைப் புண்ணில் தொற்று ஏற்பட்டது. மருந்தால் தொற்று கூடவில்லை.

இதன் மறைமுக விலை எங்கே இருக்கிறது? ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற அழற்சி வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. முழங்கால் மாற்றிக்கொள்ளும் வயதில் இருப்பவர்கள் பலர் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனோ ராமிப்ரிலோ, அதோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள். இந்த இரண்டோடு அழற்சி வலி மாத்திரையும் சேர்ந்து, அறுவையில் ரத்தமும் இழந்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் சட்டென்று செயலிழக்கக்கூடும். வயிற்றுப்புண் இருந்தவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. இதயத்தில் பைபாஸ் செய்த உடனடிக் காலத்தில் இவ்வகை மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. 2005-இல் வெளியான ஆய்வில் பைபாஸுக்குப் பின் இவ்வகையைச் சேர்ந்த பேரெகாக்சிபும் வால்டெகாக்சிபும் பெற்றவர்களில் 2 சதவீதத்தினருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏற்பட்டன. வெற்று மருந்து பெற்றவர்களில் அது 0.5 சதவீதம்.

பாராசிட்டமாலிலும் ஒரு பொறி உண்டு. நம் மருந்துக் கடைகளில் அசிக்ளோஃபெனாக் மாத்திரையோடும் டிராமடால் மாத்திரையோடும் பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்தே வருகிறது. மருத்துவர் எழுதிய பாராசிட்டமாலையும், வீட்டில் இருந்த “வலி மாத்திரை”யையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பு நல்ல எடை உள்ளவர்களுக்கு. 50 கிலோவுக்குக் குறைந்த மூதாட்டிக்கு நரம்பு வழியாகக் கொடுக்கும்போது ஒரு வேளை அளவை, கிலோவுக்கு 15 மி.கி. என்றுதான் கணக்கிட வேண்டும்.

## ஓபியாய்டு: மார்ஃபின், ஃபென்டனில், டிராமடால்

இவை தேவையில்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முழங்கால் மாற்றின் முதல் இரண்டு நாள்களில் அடித்தள மாத்திரைகளையும் ஊசியையும் மீறி வலி வரும் வேளைகள் உண்டு. அப்போது ஓபியாய்டைக் கொடுக்காமல் “பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது கொடுமை. மீறி வரும் வலிக்கு அது வேண்டும். அதையே முதன்மை வழியாக வைப்பதுதான் தவறு.

நோயாளியே பொத்தானை அழுத்தித் தேவையான அளவு மருந்தைப் பெறும் பம்பு முறையில், செவிலியர் வந்து ஊசி போடும் முறையைவிட வலிக் கட்டுப்பாடு சற்று மேம்படுகிறது. அதே நேரம் செலவாகும் மருந்தும் உடல் அரிப்பும் கூடுகின்றன. இந்தப் பம்பின் பாதுகாப்பு ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது: தூக்கம் கூடிவிட்ட நோயாளி பொத்தானை அழுத்த மாட்டார், அதனால் அளவு தானாகவே நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளோ மகனோ, “பாவம், தூக்கத்தில் முனகுகிறாரே” என்று அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. துணைக்கு ஆள் எப்போதும் கட்டிலருகே இருக்கும் நம் மருத்துவமனைகளில் இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

சுவாசம் குறைவது அரிய நிகழ்வு என்று நினைத்திருந்தவர்களுக்கு 2020-இல் வெளியான ப்ராடிஜி ஆய்வு அதிர்ச்சியாக இருந்தது. பல நாடுகளில் பொது வார்டுகளில் ஓபியாய்டு ஊசி பெற்ற 1,335 பேரைத் தொடர்ந்து இயங்கும் கருவிகளால் கண்காணித்தபோது, 46 சதவீதத்தினருக்கு ஒரு முறையாவது சுவாசம் குறைந்தது பதிவானது. 60 வயதைக் கடந்தவர்கள், ஆண்கள், இதற்கு முன் ஓபியாய்டு எடுக்காதவர்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருக்கும்போது விரலில் மாட்டிய கருவி காட்டும் எண் நன்றாகவே இருக்கும். மூச்சு குறைந்துகொண்டே போவதை அது தாமதமாகத்தான் காட்டும். ஆகவே எழுப்பினால் எழுகிறாரா, எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று பார்க்கும் ஆள் இரவில் இருக்கிறாரா என்பதே கேள்வி.

மற்ற விலைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குமட்டலால் சாப்பாடு நின்றுபோகும். தலைசுற்றலால் நடைப்பயிற்சி தள்ளிப்போகும். மலச்சிக்கல் வந்தால், முழங்காலை மடக்கி உட்காரவே சிரமப்படும் ஒருவர் கழிப்பறையில் படும் பாடு வலியைவிடப் பெரிய துன்பம். டிராமடாலை “மென்மையான” மாற்று என்று சொல்லி எழுதுகிறார்கள். 2018 முதல் இந்தியாவில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை அறுவைக்குப் பிந்தைய வலிக்குக் கூடாது என்று அந்த மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. அளவை உடனே கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

வீட்டுக்குப் போகும்போது சீட்டில் எழுதப்படுவதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 36,177 பேரின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, முன்பு ஓபியாய்டு எடுக்காதவர்களில் சுமார் 6 சதவீதத்தினர் அறுவை முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அறுவை செய்யாதவர்களில் அது 0.4 சதவீதம். 47 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான மதிப்பீடு, வீடு திரும்பும்போது ஓபியாய்டு கொடுப்பதால் வலி குறையவில்லை, வாந்தி முதலிய தொல்லைகள்தான் கூடின என்று கண்டது. அவற்றில் பெரும்பாலானவை சிறிய, நடுத்தர அறுவைகள். முழங்கால் மாற்றில் சில நாள்களுக்குக் கொஞ்சம் தேவைப்படலாம்.

## எபிடியூரல்

வலியை மட்டும் அளந்தால் இது சிறந்த முறைகளில் ஒன்று. ஆனால் மற்ற நான்கு அளவுகோல்களிலும் சறுக்குகிறது. ஒரு காலில் அறுவை, மரப்பதோ இரண்டு கால்களும். ரத்த அழுத்தம் இறங்குகிறது, சிறுநீர் கழிக்க முடியாமல் குழாய் தேவைப்படுகிறது, குழாயால் தொற்று வரக்கூடும், நடை ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளிப்போகிறது.

அதைவிடக் கவலைக்குரியது முதுகுத் தண்டைச் சுற்றி ரத்தம் கட்டுவது. பிரிட்டனில் 2009-இல் வெளியான தேசியத் தணிக்கை, முதுகுத் தண்டைச் சார்ந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளைக் கணக்கெடுத்து, 1 லட்சத்துக்கு 2 முதல் 4.2 பேர் வரை நிரந்தர பாதிப்பு அடைகிறார்கள் என்று மதிப்பிட்டது. மிகக் குறைந்த எண்ணிக்கைதான். ஆனால் அறுவைக்காக வைக்கும் எபிடியூரலில் மற்றவற்றைவிட அது கூடுதலாக இருந்தது. முழங்கால் மாற்றுக்குப் பின் காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசி போடுவது வழக்கம் என்பதால் இங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும்: தடுப்பு அளவில் அந்த ஊசி போட்டிருந்தால் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் எபிடியூரல் குழாயை எடுக்கலாம். இதை நேரம் குறித்துப் பார்க்கும் ஒழுங்கு அந்த வார்டில் இருக்க வேண்டும்.

ஒரே அமர்வில் இரண்டு முழங்கால்களையும் மாற்றுகிறவர்களுக்கும், மார்ஃபின் வகையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், கண்காணிப்பு நன்றாக உள்ள இடத்தில் எபிடியூரலுக்கு இன்னும் ஓர் இடம் உண்டு. ஒரு காலுக்கு மட்டும் என்றால், இன்றைய நிலையில் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

## நரம்பு ஊசி: ஃபெமரலா, அடக்டர் கெனாலா?

“காலில் நரம்பு ஊசி” என்று ஒரே பெயரில் சொல்லப்படும் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் இந்த ஒப்பீட்டிலேயே மிக முக்கியமானது என்று நினைக்கிறேன்.

ஃபெமரல் நரம்பு ஊசி இடுப்பு மடிப்பின் கீழே போடப்படுவது. 2014-இல் காக்ரேன் தொகுத்த 45 ஆய்வுகளின்படி, மார்ஃபின் பம்பை மட்டும் நம்பியவர்களைவிட இதைப் பெற்றவர்களுக்கு வலியும் குமட்டலும் குறைவு. வலிக் கட்டுப்பாட்டில் எபிடியூரலுக்குச் சமம். பிரச்சினை வேறிடத்தில் இருந்தது. இந்த நரம்புதான் தொடையின் முன்பக்கத் தசையை இயக்குவது. குழாய் வழியாக இடைவிடாமல் மரப்பு மருந்து செலுத்திய மூன்று ஆய்வுகளை அமெரிக்காவில் 2010-இல் சேர்த்துப் பார்த்தபோது, உப்புநீர் பெற்ற 86 பேரில் ஒருவரும் விழவில்லை. மருந்து பெற்ற 85 பேரில் 6 பேர் 7 முறை விழுந்திருந்தார்கள். புதிய மூட்டோடு விழுவதன் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்கிட முடியாது.

அடக்டர் கெனால் ஊசி அதே நரம்பின் கிளைகளைத் தொடையின் நடுப்பகுதியில், தசைக்குப் போகும் கிளைகள் பெரும்பாலும் பிரிந்துபோன பிறகு பிடிக்கிறது. 2013-இல் டென்மார்க்கில் ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் செய்த ஆய்வில், ஃபெமரல் ஊசி தசை வலிமையை 49 சதவீதம் குறைத்தது; அடக்டர் கெனால் ஊசி 8 சதவீதம் மட்டுமே. அதே குழு முழங்கால் மாற்றிக்கொண்டவர்களிடம் செய்த ஆய்வில், 24 மணி நேரம் கழித்து அறுவைக்கு முந்தைய தசை வலிமையில் அடக்டர் கெனால் பிரிவினருக்கு 52 சதவீதமும், ஃபெமரல் பிரிவினருக்கு 18 சதவீதமும் எஞ்சியிருந்தது. வலியில் இரு பிரிவினருக்கும் வித்தியாசம் இல்லை. ஒரே அளவு நிவாரணம், மூன்று மடங்குக்கு நெருக்கமான வலிமை. ஆகவே மருத்துவர் “நரம்பு ஊசி” என்றால், “எந்த இடத்தில், டாக்டர்?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

இதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். இது முழங்காலின் முன்பக்கத்தையே பெரும்பாலும் மரக்கச் செய்யும். பின்பக்க வலி இருக்கும். அல்ட்ராசவுண்டு கருவியும் பழகிய கையும் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வரலாம். ஒரு முறை போடும் ஊசி 12 முதல் 24 மணி நேரத்தில் விட்டுப்போகும். அம்மாவின் வலது காலில் நடந்தது இதுதான். அன்று மாலை சிரித்துக்கொண்டே நடந்தவர், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அழுதார். ஊசியின் வேலை முடிந்துவிட்டது. வலி இல்லையே என்று இரவு பத்து மணி மாத்திரையைக் கொடுக்காமல் விட்டிருந்தார்கள். குறை ஊசியில் இல்லை. ஊசி வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும்.

## மூட்டைச் சுற்றிப் போடும் ஊசி

சிட்னியில் டென்னிஸ் கெர், லாரன்ஸ் கோஹன் ஆகிய இருவரும் 2008-இல் 325 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்ட பிறகு இது உலகெங்கும் பரவியது. மரப்பு மருந்தான ரோப்பிவாக்கெய்ன், கெட்டோரோலாக், அட்ரினலின் ஆகியவற்றின் கலவையை, தையல் போடுவதற்கு முன் அறுவை மருத்துவரே மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களில் செலுத்திவிடுகிறார். அவர்களுடைய நோயாளிகளில் 71 சதவீதத்தினர் ஓர் இரவு மட்டும் தங்கி வீடு திரும்பினார்கள். ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத பதிவு அது. ஆனால் பின்னர் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வுகளும் இதன் பயனைப் பெருமளவு உறுதிசெய்தன. தசை வலிமை குறைவதில்லை, தனிக் கருவி வேண்டாம், நேரமும் சில நிமிடங்களே. சிறிய ஊர்களில் நரம்பு ஊசியில் பழகிய மருத்துவர் இல்லாத இடங்களுக்கு இது பெரிய வரம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. கலவையில் உள்ள கெட்டோரோலாக் ஓர் அழற்சி வலி மருந்து. சிறுநீரகம் பழுதானவருக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த வழியாக அதையே கொடுத்தால் பயனில்லை. மரப்பு மருந்தின் மொத்த அளவும் முக்கியம்: 45 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நரம்பு ஊசியும் இதுவும் சேரும்போது, அல்லது இரண்டு முழங்கால்களுக்கும் சேர்த்துப் போடும்போது, அளவு வரம்பைத் தாண்டி வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். மயக்க மருந்து மருத்துவரும் அறுவை மருத்துவரும் மொத்த அளவை ஒன்றாகக் கணக்கிட வேண்டும். அந்த நச்சுக்கு மாற்றான 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அறுவை அரங்கில் இருக்க வேண்டும்.

## பில்லில் சேர்ந்துகொள்பவை

நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின், காபாபென்டின் மாத்திரைகள் பல ஆண்டுகளாக வழக்கமாக எழுதப்பட்டவை. 2020-இல் 281 ஆய்வுகளை, 24,682 பேரின் தரவுகளைத் தொகுத்தபோது, வலி குறைந்த அளவு நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. தலைசுற்றலும் பார்வை மங்கலும் கூடின. முதியவர்களுக்கு ஓபியாய்டோடு சேர்த்தால் சுவாசத்துக்கும் ஆபத்து. பிரிகாபலின் உள்ளிட்ட கூட்டு மருந்துகளுக்கு ஆதரவாக எழுதிவந்த அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ரூபனின் 21 கட்டுரைகளில் போலித் தரவுகள் இருந்ததாக 2009-இல் வெளிவந்தது. அவர் சிறைக்கும் போனார். பொய்த் தரவை நம்பி எத்தனை பேருக்கு மருந்து எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

நீண்ட நேரம் வேலை செய்யும் என்று விற்கப்படும் கொழுப்புறை பூப்பிவாக்கெய்ன் என்ற மரப்பு மருந்து விலை மிகுந்தது. பிரிட்டனில் முழங்கால் மாற்றிக்கொண்ட 533 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், சாதாரண பூப்பிவாக்கெய்னைவிட அதில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | அசையும்போது வலி | தசை வலிமை | முக்கிய ஆபத்து | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| நேரம் தவறாத மாத்திரைகள், டெக்ஸாமெத்தசோன் | ஓரளவு குறையும். தனியாகப் போதாது | பாதிப்பில்லை | சிறுநீரகம், வயிறு, சர்க்கரை ஏற்றம் | ரத்தப் பரிசோதனை |
| ஓபியாய்டு | படுக்கையில் நல்லது. அசையும்போது குறைவு | தசை குறையாது. தலைசுற்றும் | சுவாசம், குமட்டல், மலச்சிக்கல் | இரவுக் கண்காணிப்பு, தள்ளிப்போகும் நடை |
| எபிடியூரல் | மிக நன்று | இரண்டு கால்களிலும் குறையும் | ரத்த அழுத்த இறக்கம், அரிதாக ரத்தக்கட்டு | சிறுநீர்க் குழாய், கூடுதல் நாள் |
| ஃபெமரல் ஊசி | நன்று | வெகுவாகக் குறையும் | விழுதல் | விழுந்தால் மறுசிகிச்சை |
| அடக்டர் கெனால் ஊசி | முன்பக்கத்தில் நன்று | பெரும்பாலும் காக்கப்படும் | மருந்தளவு மீறல் | விட்டுப்போனபின் வரும் வலி |
| மூட்டைச் சுற்றி ஊசி | நன்று | பாதிப்பில்லை | மருந்தளவு மீறல், கெட்டோரோலாக் | மிகக் குறைவு |

## யாருக்கு எது?

சிறுநீரகம் நன்றாக உள்ள, ஒரு முழங்காலை மட்டும் மாற்றிக்கொள்ளும் பெரும்பாலானவர்களுக்கு விடை ஏறக்குறைய தெளிவாகிவிட்டது. ஐரோப்பிய வல்லுநர்களின் ப்ராஸ்பெக்ட் குழு 2022-இல் வெளியிட்ட பரிந்துரை இதுதான்: பாராசிட்டமால், அழற்சி வலி மருந்து, டெக்ஸாமெத்தசோன், ஒரு முறை அடக்டர் கெனால் ஊசி, மூட்டைச் சுற்றிய ஊசி, மீறி வரும் வலிக்கு மட்டும் ஓபியாய்டு. ஸ்பைனல் ஊசியோடு சேர்க்கும் 100 மைக்ரோகிராம் மார்ஃபினை, இந்த இரண்டு ஊசிகளும் முடியாத அரிய நிலைக்கு ஒதுக்கிவைக்கச் சொல்கிறார்கள்.

சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியவருக்கு அழற்சி வலி மருந்து எந்த வடிவிலும் வேண்டாம். அந்த இடைவெளியை ஊசிகள் நிரப்ப வேண்டும், ஓபியாய்டிலும் உடலில் தேங்கும் மார்ஃபினைத் தவிர்த்து வேறொன்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்கு, அதை நிறுத்த இதய மருத்துவர் அனுமதிக்காதபோது, எபிடியூரல் கூடாது. தோலுக்கு அருகே அழுத்திப் பிடிக்கக்கூடிய இடத்தில் போடும் அடக்டர் கெனால் ஊசி ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. பலமாகக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு ஓபியாய்டு மிகக் குறைவாக, கண்காணிப்புள்ள படுக்கையில்தான். ஏற்கெனவே நீண்ட நாளாக டிராமடால் சாப்பிடுகிறவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வழக்கமான அளவு அவருக்குப் போதாது, திடீரென நிறுத்துவதும் தவறு. செவிலியர் குறைவான சிறிய மருத்துவமனையில், பம்பும் எபிடியூரலும் இல்லாமல், மூட்டைச் சுற்றிய ஊசியும் நேரம் தவறாத மாத்திரையும் மட்டும் கிடைத்தால், அதைக் குறைந்த சிகிச்சை என்று எண்ண வேண்டியதில்லை.

ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் மயக்க மருந்து மருத்துவரிடம் நான் கேட்பது மூன்று: நரம்பு ஊசி எந்த இடத்தில், பாராசிட்டமாலும் அழற்சி வலி மாத்திரையும் கேட்டால் கொடுப்பதா, நேரப்படி தானாகவே கொடுப்பதா, ஊசி எத்தனை மணிக்கு விட்டுப்போகும், அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது. அம்மாவின் அந்த இரவுக்குப் பிறகு, அத்தையின் முழங்கால் அறுவைக்குப் போனபோது, ஒரு தாளில் ஊசி போட்ட நேரத்தையும் ஆறு மணிக்கொரு முறை மாத்திரை நேரங்களையும் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவைத்தேன். இரவுப் பணிக்கு வந்த செவிலியர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு அத்தையை எழுப்பி மாத்திரையைக் கொடுத்தார்.